அந்துகோவின் வாயை அடைத்தவர்கள்: தென் ஆண்டிஸில் நிலப்பிளவும் எரிமலையும்

1835ஆம் ஆண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில் பீகிள் என்னும் ஆங்கிலேயக் கப்பல் சிலே நாட்டின் கன்செப்சியோன் விரிகுடாவுக்குள் நுழைந்தது. கரையெங்கும் உத்திரங்களும் நாற்காலிகளும் பெட்டிகளும் ஒதுங்கிக் கிடந்தன. பிப்ரவரி 20 அன்று முற்பகலில் நிகழ்ந்த நிலநடுக்கமும், அதைத் தொடர்ந்து வந்த கடற்பேரலைகளும் கன்செப்சியோன் நகரையும் அதன் துறைமுகமான தால்காவானோவையும் இடிபாட்டுக் குவியலாக்கியிருந்தன. கப்பலில் இருந்த 26 வயது இளைஞர் சார்ல்ஸ் டார்வின், ஊர்மக்களிடம் காரணம் கேட்டார். படித்தவர்கள் படித்தவற்றைச் சொன்னார்கள். தால்காவானோவின் எளிய மக்களோ வேறொன்று சொன்னார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் யாரோ சில பூர்வகுடிக் கிழவிகளின் மனம் நோகும்படி ஏதோ நடந்துவிட்டது. அவர்கள் சினங்கொண்டு அந்துகோ எரிமலையின் வாயை அடைத்துவிட்டார்கள். மூச்சு முட்டிய பூமி இப்போது அதிர்ந்திருக்கிறது.

இதைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். டார்வின் அதைத் தம் பயண நூலில் பதிவு செய்தார். அதோடு நில்லாமல், எரிமலை அடங்குவதற்கும் நிலம் அதிர்வதற்கும் தொடர்பு உண்டென்று இம்மக்கள் அனுபவத்தால் அறிந்திருக்கிறார்கள் என்றும், அந்தத் தொடர்பின் காரணம் பிடிபடாத இடத்தில்தான் சூனியத்தைக் கொண்டுவந்து நிரப்புகிறார்கள் என்றும் குறித்தார். நம்பிக்கையை ஒதுக்கிவிட்டு அதன் அடியில் கிடந்த கவனிப்பை மட்டும் பொறுக்கி எடுக்கும் பார்வை அது. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாக அந்தக் கவனிப்பு என்னென்ன ஆயிற்று என்பதையே இக்கட்டுரையில் பின்தொடர முயல்கிறோம்.

களம் தென் ஆண்டிஸ் மலைத்தொடர். சிலேயின் தெற்குப் பாதியில், அர்ஜென்டினாவின் எல்லையை ஒட்டி, பனிமூடிய எரிமலைகள் வடக்குத் தெற்காக ஒரே வரிசையில் நிற்கின்றன. நெரூதாவைப் படித்தவர்களுக்கு இந்நிலம் முற்றிலும் அந்நியமானதன்று. மழையும் மரவாசனையும் நிறைந்த தெமூகோ நகரில்தான் அவர் வளர்ந்தார். தென் ஆண்டிஸ் எரிமலைகளைக் கண்காணிக்கும் நிலையமும் இன்று அதே தெமூகோவில்தான் இயங்குகிறது. அந்நிலத்தின் பூர்வகுடிகளான மபூச்சே மக்கள் வியாரிகா எரிமலையை ‘ருகாபிய்யான்’ என்கிறார்கள். பிய்யான் என்னும் ஆவியின் வீடு என்று பொருள். அவர்களுடைய தொல்கதை ஒன்றில் காய்-காய் என்னும் கடற்பாம்பு நீரை எழுப்பி நிலத்தை மூழ்கடிக்கிறது. த்ரென்-த்ரென் என்னும் நிலப்பாம்பு குன்றுகளை உயர்த்தி மனிதரைக் காக்கிறது. கடல் பொங்கும்போது நிலம் உயரும் என்ற செய்தியைக் கதையாக்கி வைத்திருந்த மக்கள் அவர்கள். 1835இல் டார்வின் கண்ட செய்தியும் அதுதான்.

நிலநடுக்கம் நிகழ்ந்த அன்று டார்வின் தெற்கே வால்டிவியாவில் இருந்தார். காட்டில் இளைப்பாறப் படுத்திருந்தபோது பூமி இரண்டு நிமிடம் ஆடியது. அதற்கு ஒரு மாதம் முன்பு, ஜனவரி 19ஆம் நாள் இரவு, சிலோயே தீவிலிருந்து ஒசோர்னோ எரிமலை கனல்வதைக் கண்டிருந்தார். நள்ளிரவில் காவலாள் கண்ணுக்கு ஒரு பெரிய விண்மீனாகத் தோன்றிய ஒளி, விடியற்காலை மூன்று மணிக்குள் பெருந்தீயாக வளர்ந்துவிட்டது. இப்போது கன்செப்சியோனில் நிலம் இரண்டு மூன்று அடி உயர்ந்திருப்பதைப் பார்த்தார். அருகிலிருந்த சான்டா மரியா தீவில் கப்பல் தலைவர் ஃபிட்ஸ்ராய் அளந்து பார்த்தபோது, பாறையில் ஒட்டியபடியே அழுகிக் கிடந்த சிப்பிகள் உயர் ஓத மட்டத்திற்குப் பத்தடி மேலே இருந்தன. சிப்பி தானாக ஏறிப் போய்ப் பாறையில் ஒட்டிக்கொள்வதில்லை. நிலம்தான் எழுந்திருந்தது.

இந்த அளவீட்டின் மதிப்பை அறிய ஒரு பெண்மணியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மரியா கிரகாம் என்ற அந்த ஆங்கிலேயப் பயண எழுத்தாளர் நமக்கும் சற்று உறவானவர். இந்தியாவில் வாழ்ந்து, 1812இல் வெளியிட்ட இந்திய நாட்குறிப்பில் மாமல்லபுரத்தைப் பற்றியும் எழுதியவர். கடற்படைத் தலைவரான அவருடைய கணவர் 1822இல் தென்னமெரிக்கப் பயணத்தின்போது கடலிலேயே இறந்துபோக, அவர் சிலேயின் வால்பரைசோ பகுதியில் தங்கிவிட்டார். அவ்வாண்டு நவம்பர் 19ஆம் நாள் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டது. கடற்கரை மூன்று நான்கு அடி உயர்ந்துவிட்டதையும், பாறைகளில் சிப்பிகள் வெளிப்பட்டுக் கிடந்ததையும் நேரில் கண்டு எழுதினார். இலண்டன் புவியியல் கழகம் 1824இல் அதை வெளியிட்டது. சார்ல்ஸ் லயல் தம்முடைய புகழ்பெற்ற ‘புவியியல் கோட்பாடுகள்’ நூலில் அச்சான்றைப் பயன்படுத்தினார். பூமியின் மேற்பரப்பு சிறுகச் சிறுக உயர்ந்தே மலைகள் ஆகின என்ற கட்சிக்கு அது வலுவான கைப்பிடி. அக்கட்சியை ஏற்காத கிரீனோ என்பவர் 1834இல் கழகத் தலைவர் என்ற முறையில் ஆற்றிய உரையில், அச்சத்தில் நடுங்கிய பெண்ணொருத்தியின் கூற்றை நம்புவதா என்ற தொனியில் அதைத் தள்ளிவிட்டார். மரியா கிரகாம் அப்போது நோயுற்றிருந்தார். ஆயினும் சளைக்காமல் மறுமொழி எழுதி அச்சேற்றினார். அடுத்த ஆண்டே சான்டா மரியா தீவின் சிப்பிகள் அவருக்காகச் சாட்சி சொல்லிவிட்டன. கிரீனோவை இன்று புவியியல் வரலாற்று மாணவர்கள் நினைவுகூர்வதற்கு இந்த ஒரு சறுக்கலும் காரணம் என்பது நமக்குச் சிறு மனநிறைவு தருவதை மறைக்கத் தேவையில்லை.

டார்வின் ஊர் திரும்பிய பின், 1838 மார்ச் 7 அன்று, அதே கழகத்தில் ஒரு கட்டுரை வாசித்தார். நிலநடுக்கம், எரிமலை, நில உயர்வு ஆகிய மூன்றும் ஒரே நிகழ்வின் மூன்று முகங்கள் என்பது அதன் வாதம். 1835 நிலநடுக்கத்தையொட்டி எந்தெந்த எரிமலைகள் விழித்தன என்று கேட்டுக் கேட்டுத் திரட்டிய பட்டியலை முன்வைத்தார். ஒசோர்னோவும் மின்சின்மாவிதாவும் கோர்கோவாதோவும் அதில் இருந்தன. இத்தனைக்கும் அடியில் உருகிய பாறையாலான மாபெரும் ஏரி ஒன்று, கருங்கடலைப் போல ஏறக்குறைய இருமடங்கு பரப்பில், பரந்து கிடக்க வேண்டும் என்று கணித்தார்.

ஏரி இல்லை. பட்டியலிலும் குறைகள் இருந்தன. ஒசோர்னோ கனன்ற அதே இரவில் வடக்கே அகோன்காகுவாவும் கனன்றதாக வந்த செய்தியை டார்வின் ஏற்றுக்கொண்டார். அம்மலையோ உயிருள்ள எரிமலையே அன்று. நிகராகுவாவின் கோசிகுயினா மெய்யாகவே 1835 ஜனவரி 20 அன்று பேரளவில் வெடித்தது. ஆனால் ஒரு கண்டத்தின் நீளத்துக்கு அப்பால் இருக்கும் மலையை ஒசோர்னோவோடு முடிச்சுப் போட இயலாது. கேள்விப்பட்டவற்றில் பாதி காற்றோடு போயிற்று. மேலும், அக்காலத்தில் பாறைப் பிளவுகள் நிலநடுக்கத்தின் விளைவு என்றே கருதப்பட்டன. பிளவு நழுவுவதால்தான் நிலம் நடுங்குகிறது என்ற எண்ணம் ஜப்பானின் 1891 நிலநடுக்கத்தையும் 1906இன் சான் பிரான்சிஸ்கோ நிலநடுக்கத்தையும் ஆராய்ந்த பிறகே நிலைபெற்றது. பிளவு என்னும் நடுச்சொல் இல்லாமல் டார்வின் இருமுனைகளையும் இணைக்கப் பார்த்தார், இணைப்பு நிற்கவில்லை. நிலநடுக்கவியல் ஒரு பக்கமும் எரிமலையியல் மறுபக்கமுமாகத் துறைகள் பிரிந்தன. ஒரு நூற்றாண்டுக்கு மேல் அந்தக் கட்டுரை டார்வினின் இளமைக்கால ஆர்வக்கோளாறாகவே பெரும்பாலும் பார்க்கப்பட்டது.

1960 மே 22, ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். கருவிகள் பதிவு செய்தவற்றுள் மிகப் பெரிய நிலநடுக்கம், 9.5 அளவு, டார்வின் படுத்திருந்த அதே வால்டிவியாவைத் தகர்த்தது. ஆயிரம் கிலோமீட்டர் அளவுக்குக் கடலடித் தட்டு நழுவியது. பேரலைகள் பசிபிக்கைக் கடந்து ஹவாயிலும் ஜப்பானிலும் உயிர்களைப் பறித்தன. சிலேயின் தென்பகுதி முழுவதும் இறந்தவர்களைத் தேடிக்கொண்டிருந்த மே 24 அன்று, முதல் அதிர்ச்சிக்கு 38 மணி நேரத்திற்குப் பிறகு, புயேஹுவே மலைக்கு அருகிலுள்ள கோர்தோன் காவ்யே என்னும் எரிமலை முகட்டில் நிலம் பிளந்தது. கூம்பின் உச்சியில் அல்ல. வடமேற்கிலிருந்து தென்கிழக்காக ஐந்து கிலோமீட்டருக்கும் மேல் நீண்ட ஒரு கோட்டில், இருபதுக்கும் மேற்பட்ட வாய்கள் வரிசையாகத் திறந்தன. இரண்டு மாதம் வெடிப்பும் எரிகுழம்புப் பெருக்கும் நீடித்தன. நிலச்சரிவால் அடைபட்ட ரினிஹுவே ஏரி உடைத்துக்கொண்டு வால்டிவியாவை மூழ்கடிக்குமோ என்று நாடே கலங்கியிருந்த வேளை அது. மலைமேல் திறந்த வாய்களைப் பார்க்க யாருக்கு நேரம்?

ஆனால் இம்முறை சான்று கேள்விச் செய்தியாக இல்லை. நாள் தெரியும், மணி தெரியும், பிளவின் திசை தெரியும். அந்தத் திசைதான் பின்னாளில் பெரிய புதிராகப் பட்டது.

புதிரை விளங்கிக்கொள்ள, பூமிக்கு அடியில் நடப்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். பசிபிக்கின் அடித்தளமான நாஸ்கா தட்டு ஆண்டுக்கு 6 முதல் 7 சென்டிமீட்டர் வேகத்தில் வந்து தென்னமெரிக்காவுக்கு அடியில் அமிழ்கிறது. ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் ஆழத்தில் அது தன்னுள் வைத்திருந்த நீரை விடுகிறது. அந்த நீர் மேலுள்ள சூடான பாறையின் உருகுநிலையைத் தாழ்த்த, பாறைக்குழம்பு பிறக்கிறது. குழம்பு பிறப்பதற்குப் பிளவு தேவையில்லை. மேலே வருவதற்குத்தான் தேவை. முப்பது நாற்பது கிலோமீட்டர் கனமுள்ள திண்ணிய பாறையை அது எங்கே, எப்படி, எவ்வளவு காலத்தில் கடக்கிறது என்பதே கேள்வி.

நாஸ்கா தட்டு நேர்குத்தாக வந்து மோதவில்லை. சற்றே வடக்கு நோக்கிச் சாய்ந்து மோதுகிறது. ஆகவே கடலோர நிலத்துண்டு நெருக்கப்படுவதோடு வடக்கு நோக்கி இழுபடவும் செய்கிறது. அந்த இழுப்பு எங்கே அறுபடும்? நிலத்தின் மேலோடு எங்கே சூடாகி வலுவிழந்திருக்கிறதோ அங்கே, அதாவது எரிமலை வரிசையின் அடியிலேயே. 1970களில் பிரான்சிஸ்கோ எர்வே முதலான சிலே நாட்டுப் புவியியலாளர்கள் அடர்காடுகளிலும் கடற்கழிகளிலும் அலைந்து, அங்கே ஒரு நீண்ட பிளவு ஓடுவதைத் தடம் கண்டார்கள். வெந்நீர் ஊற்றுக்குப் பெயர்பெற்ற லிகினியே என்னும் ஊரின் பெயரையும், தெற்கே ஒஃப்கி என்னும் குறுநிலத்தின் பெயரையும் சேர்த்து அது லிகினியே-ஒஃப்கி நிலப்பிளவு எனப்படுகிறது. நீளம் ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல். கிழக்குக் கரையில் நின்று மேற்கே பார்த்தால், எதிர்ப்பக்க நிலம் வலப்புறமாக, வடக்கு நோக்கி, நகர்ந்துகொண்டிருக்கும். எரிமலைகள் இப்பிளவின் மேலும் அருகிலும் வரிசை கட்டி நிற்கின்றன.

எரிமலைகள் பிளவின் மேல் நிற்கின்றன என்று சொல்லி முடித்திருந்தால் இது பள்ளிப் பாடநூலின் ஒரு வரி. ஹோசே செம்ப்ரானோவும் லூயிஸ் லாராவும் 2009இல் எழுதிய விரிவான ஆய்வுரைதான் இதைச் சுவையான கதையாக்கியது. அவர்கள் பார்த்தது எரிமலைகளின் இடத்தை மட்டுமன்று. அவை எந்தத் திசையில் கோத்து நிற்கின்றன என்பதையும், ஒவ்வொரு கோவையிலும் எத்தகைய குழம்பு வெளிவருகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தார்கள்.

ஓலைச்சுவடி ஒன்றைக் கையில் எடுத்துக்கொள்வோம். மேலும் கீழும் உள்ள இரு சட்டங்களையும் சேர்த்து அழுத்தினால் ஏடுகள் இறுகி மூடிக்கொள்ளும். மாறாக, ஏடுகளின் இரு ஓரங்களிலிருந்து, அவற்றின் நீளவாக்கிலேயே நெருக்கினால் அவை வளைந்து ஒன்றையொன்று விட்டு விலகும். இடையில் சந்து பிறக்கும். தென் ஆண்டிஸின் பாறை நெருக்கப்படும் திசை ஏறத்தாழக் கிழக்கு-வடகிழக்கு. ஆகவே அத்திசையை ஒட்டி, வடகிழக்காக ஓடும் பிளவுகள் ஓரத்தில் நெருக்கப்பட்ட ஏடுகளைப் போலத் திறந்துகொள்கின்றன. வடமேற்காக ஓடும் பிளவுகளோ சட்டங்களுக்கு இடையில் அகப்பட்ட ஏடுகள். அழுத்தம் அவற்றை மூடியே வைக்கிறது. இந்த வடமேற்குப் பிளவுகள் இன்றைய மலைகளைவிடப் பழையவை. அடித்தளப் பாறையில் தொல்காலத்திலேயே விழுந்த வடுக்கள்.

திறந்த வழியில் வரும் குழம்பு நடுவழியில் தங்குவதில்லை. ஒசோர்னோவிலிருந்து பூன்தியாகூதோ வழியாக வடகிழக்காகச் செல்லும் எரிமலைக் கோவையில் வருவது பெரும்பாலும் கரிய, இளகிய பசால்ட் வகை. வியாரிகாவுக்கு அருகில், காபுர்குவா ஏரிக்கரையில், முதன்மைப் பிளவின் மேலேயே சின்னஞ்சிறு கூம்புகள் சில அமர்ந்திருக்கின்றன. அங்கே வந்த குழம்பு ஆழத்திலிருந்து ஏறத்தாழ மாறுதல் இன்றி நேரே மேலே வந்த ஒன்று. மூடிய பிளவில் சிக்கிய குழம்பின் கதை வேறு. அது மேலோட்டின் இடையில் தேங்குகிறது. தேங்கிய குழம்பில் படிகங்கள் உருவாகி அடியில் தங்க, எஞ்சும் நீர்மத்தில் சிலிக்கா மிகுகிறது. அடுப்பில் மறந்துவிட்ட பாகு முற்றுவதைப் போல அதுவும் முற்றுகிறது. இங்கே முற்றவைப்பது சூடன்று, ஆறுதல் என்பது மட்டுமே வேறுபாடு. முற்றிய குழம்புக்கு ரயோலைட் என்று பெயர். அது வளிகளைத் தன்னுள் இறுகப் பிடித்து வைத்திருக்கும். இளம்பாகு வழியும், முற்றிய பாகு வெடிக்கும். கோர்தோன் காவ்யே வடமேற்குப் பிளவில் அமர்ந்த மலை. அதன் குழம்பு ரயோலைட்டை நெருங்கிய வகை.

விதிக்கு விலக்கு உண்டு. வியாரிகா, கெத்ருபியான், லானின் மூன்றும் வடமேற்குத் திசையில்தான் கோத்து நிற்கின்றன. ஆனால் வியாரிகாவின் வாயில் இளகிய பசால்ட் குழம்பு ஏரியாகவே தளும்புகிறது. 2015 மார்ச் 3 அதிகாலையில் அது செந்நிறத் தூணாகப் பீறிட்டதைப் பலர் படங்களில் பார்த்திருக்கக்கூடும். அம்மலை முதன்மைப் பிளவும் வடமேற்கு வடுவும் வெட்டிக்கொள்ளும் பகுதியில் இருப்பதைக் காரணமாகக் காட்டுகிறார்கள். மலைகள் இலக்கண நூற்பாவைப் படித்துவிட்டு எழுவதில்லை.

இனி 1960இன் புதிர். மூடியிருக்க வேண்டிய வடமேற்குப் பிளவு ஏன் 38 மணி நேரத்தில் திறந்தது? லாராவும் உடன் ஆய்ந்தவர்களும் 2004இல் தந்த விளக்கம் இது: பெரும் நிலநடுக்கங்களுக்கு இடைப்பட்ட நீண்ட காலங்களில் கண்டத்தின் ஓரம் கடலிலிருந்து நெருக்கப்பட்டுக்கொண்டே இருக்கிறது. நிலநடுக்கத்தின்போது, பூட்டிக்கொண்டிருந்த தட்டுகள் விடுபட, கண்டத்தின் ஓரம் மேற்கே கடலை நோக்கித் துள்ளி நகர்கிறது. சுவடியின் சட்டங்களை அழுத்திய கைகள் சட்டென்று தளர்கின்றன. இறுகியிருந்த ஏடு விரிகிறது. அங்கே முன்பே தேங்கி, முற்றி, காத்திருந்த குழம்புக்கு அது போதும். நிலநடுக்கம் குழம்பைப் படைப்பதில்லை. நிரம்பிய கலத்தின் மூடியை நெகிழ்த்துகிறது. கலம் நிரம்பியிராவிட்டால் எதுவும் நிகழாது.

2009இல் செபாஸ்டியன் வாட், டேவிட் பைல், தாம்சின் மேத்தர் ஆகிய மூவரும் சிலேயின் எரிமலைப் பதிவுகளைப் புள்ளியியல் முறையில் அலசினர். 1906, 1960 ஆகிய இரண்டு பெரும் நிலநடுக்கங்களுக்குப் பிறகும் ஏறத்தாழ ஓராண்டுக் காலம், ஐந்நூறு கிலோமீட்டர் தொலைவு வரையிலும், எரிமலை வெடிப்புகள் வழக்கத்தைவிடக் குறிப்பிடத்தக்க அளவு மிகுந்திருந்தன என்று கண்டார்கள். டார்வினின் உருகிய ஏரி பொய்த்தது. அவருடைய உள்ளுணர்வு பொய்க்கவில்லை.

இதைக் கேட்டதும், நிலநடுக்கம் வந்தால் எரிமலை வெடிக்கும் என்று வாய்பாடு எழுதிவிடத் தோன்றும். 2010 பிப்ரவரி 27 அன்று மவுலே பகுதியில் 8.8 அளவில் நிலம் நடுங்கியது. எல்லோரும் மலைகளைப் பார்த்தார்கள். மலைகள் வெடிக்கவில்லை, தாழ்ந்தன. செயற்கைக்கோள் ராடார் அளவைகளின்படி ஐந்து எரிமலைப் பகுதிகளில் நிலம் 15 சென்டிமீட்டர் வரை அமிழ்ந்திருந்தது. மறு ஆண்டு ஜப்பானில் நேர்ந்த பெரும் நிலநடுக்கத்திற்குப் பின் அங்குள்ள எரிமலைகளிலும் இதே காட்சி. கோர்தோன் காவ்யே 2011 ஜூன் 4 அன்று மீண்டும் வெடித்து, அதன் சாம்பல் பூவுலகைச் சுற்றி வந்து ஆஸ்திரேலியாவில் விமானங்களை நிறுத்தியதென்னவோ உண்மை. ஆனால் மவுலேயில் நழுவிய பகுதி அம்மலைக்கு இருநூறு கிலோமீட்டருக்கும் மேல் வடக்கே முடிந்துவிடுகிறது. இடையில் பதினைந்து மாதங்களும் கடந்திருந்தன. அவ்விரண்டையும் இணைத்துப் பேசுவோர் டார்வினின் அகோன்காகுவாவை நினைவில் வைப்பது நல்லது.

கரையில் வாழ்பவர்களுக்கு இந்த வேறுபாடுகள் வெறும் நுணுக்கங்கள் அல்ல. 2007 ஜனவரி இறுதியில் தெற்கே ஆய்சேன் கடற்கழியில் நிலம் அடிக்கடி அதிரத் தொடங்கியது. லிகினியே-ஒஃப்கி பிளவு அங்கே நீருக்கு அடியில் ஓடுகிறது. வாரக்கணக்கில் அதிர்வுகள். கடலடியில் புதிய எரிமலை பிறக்கிறதா, அல்லது பிளவு நழுவப் போகிறதா என்று மக்கள் கேட்டார்கள். ஆய்வாளர்களும் தங்களுக்குள் அதையே கேட்டுக்கொண்டார்கள். ஏப்ரல் 21 அன்று 6.2 அளவில் வந்த அதிர்ச்சி விடை சொல்லிற்று. பிளவு வலப்புறமாக நழுவியது. செங்குத்தான கரைமலைகள் சரிந்து நீரில் விழுந்தன. எழுந்த அலை மீன்பண்ணைகளை வாரிச் சுருட்டியது. பத்துப் பேர் இறந்தோ காணாமலோ போயினர். ஆயினும், தொடக்கத்தில் வந்த சிறு அதிர்வுகளுக்கு ஆழத்திலிருந்து மேலெழுந்த சூடான பாய்மங்களும் காரணமாயிருக்கலாம் என்று கருதுவோர் உண்டு. பிளவா எரிமலையா என்ற கேள்வியை இரண்டில் ஒன்றாகக் கேட்டதே பொருந்தாமற் போயிருக்கலாம்.

அதற்கு அடுத்த ஆண்டு சைத்தேன். மின்சின்மாவிதாவின் பனிப்பெருமேனிக்கு மேற்கே, காடு மூடிய தாழ்ந்த குன்று அது. அதன் கடைசி வெடிப்பு ஒன்பதாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு என்று எண்ணியிருந்தார்கள். பத்து கிலோமீட்டர் தொலைவில் அதே பெயரில் ஒரு கடலோர ஊர், நாலாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள். குன்றின் அருகே நிலநடுக்கமானி ஒன்றுகூட இல்லை. 2008 ஏப்ரல் 30 அன்று ஊரில் அதிர்வுகள் உணரப்பட்டன. மே 2ஆம் நாள் பிறந்தபோது சாம்பல் தூண் வானில் நின்றது. வெடித்தது மின்சின்மாவிதா என்றே முதலில் நினைத்தார்கள். வந்தது ரயோலைட், முற்றிய பாகு. அத்தகைய பெரிய வெடிப்பு 1912இல் அலாஸ்காவின் நோவாருப்தாவுக்குப் பிறகு உலகில் எங்கும் நிகழ்ந்ததில்லை. அவ்வளவு கெட்டியான குழம்பு மெல்லத்தான் ஏறும், போதிய எச்சரிக்கை தரும் என்பது அதுவரை இருந்த நம்பிக்கை. நுரைக்கல்லின் படிகங்களை ஆராய்ந்த காஸ்ட்ரோவும் டிங்வெல்லும், அது ஐந்து கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்திலிருந்து நான்கு மணி நேர அளவில் மேலே வந்துவிட்டதாகக் கணித்தார்கள். ஜப்பானியச் செயற்கைக்கோளின் ராடார் படங்களை வைத்து 2011இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, குழம்பு பாறையைக் கீறிப் புகுந்து ஏறியது என்றும், அது பிரிந்து தேங்கிக் கிடந்த இடத்தை ஏற்கெனவே இருந்த பிளவுகளே தீர்மானித்தன என்றும் காட்டியது.

ஊர்மக்கள் படகுகளில் வெளியேற்றப்பட்டார்கள். உயிர்ச்சேதம் ஏறக்குறைய இல்லை. பத்து நாள் கழித்து, மலைச்சரிவில் குவிந்திருந்த சாம்பலை மழை கரைத்துக்கொண்டு வர, பிளாங்கோ ஆறு தன் பழைய போக்கை விட்டு ஊரின் நடுவே புதுவழி வெட்டிக்கொண்டது. வீடுகள் சாம்பற்சேற்றில் கூரை வரை புதைந்தன. ஊரை வடக்கே பத்து கிலோமீட்டர் தள்ளி சான்டா பார்பரா என்னும் இடத்திற்கு மாற்றுவதென்று அரசு முடிவெடுத்தது. சிலர் மறுத்துத் திரும்பி வந்து, குடிநீரும் மின்சாரமும் இல்லாமலே அங்கே குடியிருந்தார்கள். பின்னர் வந்த அரசு முடிவைத் தளர்த்திக்கொள்ள, ஊரின் வடபகுதி மீண்டும் எழுந்தது. எரிமலைகளைக் கண்காணிக்கும் நாடுதழுவிய வலையமைப்பைச் சிலே விரிவாக்கியதும் இவ்வெடிப்புக்குப் பிறகுதான்.

மண்ணடுக்குகளைத் தோண்டி மேலும் ஆராய்ந்தபோது, குன்று ஒன்பதாயிரம் ஆண்டுகள் உறங்கியிருந்தது என்ற எண்ணமும் கலைந்தது. பதினேழாம் நூற்றாண்டில் அது ஒருமுறை வெடித்திருக்கிறது. டார்வின் சிலோயே கரையில் நின்று, வளைகுடாவின் மறுபுறம் மின்சின்மாவிதாவையும் கோர்கோவாதோவையும் பெயர் சொல்லிக் குறித்துக்கொண்டபோது, அந்த வெடிப்பு நடந்து ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளே ஆகியிருந்தன. மூடிய வாயோடு காட்டுக்குள் இருந்த சைத்தேன் அவருடைய பட்டியலில் இல்லை.